சந்தனம் எட்டாத இடம்

சந்தன வாசனை வந்ததும் உன் நினைவு வந்தது என்று எழுதினால் நீ சிரிப்பாய். நீ மாதா கோயிலுக்குப் போனவன். சந்தனத்துக்கும் உனக்கும் சம்பந்தம் எதுவும் இருந்ததில்லை. சம்பந்தத்தை உண்டாக்கியவன் நான்.

இன்று எங்கள் அலுவலகத்தில் ஆயுத பூஜை. ஆயுதம் என்று சொல்லிக்கொள்ள எங்களிடம் இருப்பவை மடிக்கணினிகள்தான். காலையில் தர்ஷினி கிண்ணத்தில் சந்தனத்தைக் குழைத்துக்கொண்டு ஒவ்வொரு மேசையாக வந்தாள். எங்கள் பிரிவில் வயதில் மிகச் சிறியவள், வேலையில் மிகக் கெட்டிக்காரி. யாரோ ஒருவருடைய கணினியில் கேமராவின் மேலேயே பொட்டு வைத்துவிட்டாள். அவர் பகல் காணொளிக் கூட்டத்தில் மஞ்சள் மூட்டமாகக் கலந்துகொண்டார். வழக்கத்தைவிடத் தெளிவாகப் பேசினார் என்று எல்லோரும் சொன்னார்கள்.

நான் இப்போது செய்கிற வேலையை உனக்குச் சொல்ல வேண்டும். இணையப் பக்கம் ஒன்றை மனிதனுக்குப் பதிலாக ஒரு நிரலே திறந்து, பொத்தான்களை அழுத்தி, எல்லாம் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்கும். நடந்தால் பச்சை, நடக்காவிட்டால் சிவப்பு. பக்கத்தைத் திறப்பதற்கு உலாவி என்று ஒன்று வேண்டும். இந்த உலாவிகள் யாரையும் கேட்காமல் சில வாரங்களுக்கு ஒரு முறை புதுப் பதிப்புக்கு மாறிவிடுகின்றன. ஊரார் கையில் இருப்பது ஒரு பதிப்பு, நாங்கள் சோதிப்பது இன்னொரு பதிப்பு என்று ஆகிவிடாமல் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் தேவை. அந்த ஆள் நான். ஓய்வு வயது தாண்டியும் ஒப்பந்தம் போட்டு வைத்திருக்கிறார்கள்.

பகல் மூன்று மணிக்குத் தர்ஷினி என் மேசைக்கு வந்தாள்.

"அங்கிள், டெஸ்ட் மெஷின்ல பழைய பிரவுசர் ஓடிக்கிட்டு இருக்கு. மூணு வாரமா. நாமளும் பச்ச பச்சன்னு ரிப்போர்ட் அனுப்பிட்டோம்."

"முதல் வரி என்ன ஆச்சு?"

"எவனோ தூக்கிட்டான் லா. தேவையில்லாத வரின்னு நெனச்சிருக்கான். உங்க வரி இருந்திருந்தா அப்பவே மாட்டியிருக்கும்."

'உங்க வரி' என்றாள். அதை அப்படித்தான் இங்கே எல்லோரும் சொல்கிறார்கள். சோதனை தொடங்கும் முன் உலாவியிடம் 'நீ எந்தப் பதிப்பு?' என்று கேட்கும் ஒரு வரி. பதில் பொருந்தாவிட்டால் சோதனை அங்கேயே நின்றுவிடும். புதிதாகச் சேருபவர்களுக்குத் தருகிற கையேட்டில் அதற்கு என் பெயரையே வைத்திருக்கிறார்கள். நான் மறுத்ததில்லை. அடக்கமாகத் தலையசைத்திருக்கிறேன். அடக்கம் எனக்கு நன்றாக வரும்.

அவள் போனபின் என் கணினியின் மூலையிலிருந்த பொட்டைப் பார்த்தேன். காய்ந்து ஓரம் விரிந்திருந்தது. அது உன் வரி.

கோலசிலாங்கூர்ப் பக்கத்து எண்ணெய்ப்பனை எஸ்டேட்டில் நீயும் நானும் ஆபீசில் கணக்கெழுதும் கிராணிகளாக இருந்தோம். எண்பதுகளின் பின்பாதி. கம்பெனி நம் ஆபீசுக்கு இரண்டு கணினிகளை அனுப்பியது. மேனேஜருக்கே கூரைக் காற்றாடிதான் இருந்த காலத்தில் அவற்றுக்குக் குளிர்சாதன அறை கிடைத்தது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போக வேண்டும் என்றார்கள். கோயிலிலும் அப்படித்தான் என்பதால் யாரும் ஆட்சேபிக்கவில்லை. லயத்து வீடுகளிலிருந்து வந்த தொழிலாளர் சிலர் கண்ணாடிக்கு வெளியே நின்று கும்பிட்டதையும் பார்த்திருக்கிறோம். நீ உள்ளேயிருந்து கையை உயர்த்தி ஆசீர்வாதம் செய்தாய். உன் பாதிரியார் அறிந்தால் என்ன சொல்வார் என்று கேட்டேன். "அவரும் அடுத்த வாரம் பாக்க வர்றாருடா" என்றாய்.

எந்த வயலுக்கு, எந்தக் கன்றுக்கு எவ்வளவு உரம் என்று அச்சடித்துக் கொடுப்பது அந்த நிரலின் வேலை. தலைமை ஆபீஸ் அதைத் திருத்தித் திருத்திப் புதுப் பதிப்புகளை டிஸ்க்கில் அனுப்பிக்கொண்டே இருந்தது. கறுப்பு உறைபோட்ட, கையளவு அகலமான, வளையக்கூடிய டிஸ்க். கணினி படிப்பதற்காக உறையில் ஒரு நீள ஓட்டை இருக்கும். ஒவ்வொரு பதிப்புக்கும் இரண்டு பிரதிகள் வரும். ஒன்று நாம் சோதிப்பதற்கு. மற்றொன்று முத்திரையிட்ட உறையில் மேனேஜரின் இரும்புப் பெட்டிக்குப் போகும். சோதனை சரியாக வந்தால் மட்டுமே அந்த உறையைப் பிரித்து வேலைக் கணினியில் ஏற்ற வேண்டும்.

சோதிப்பது என்றால் மற்ற எஸ்டேட்டுகளில் இரண்டு எண்களைத் தட்டிப் பார்த்துவிட்டுத் தேநீருக்குப் போவார்கள். நீ அப்படிச் செய்யவில்லை. நிரல் கேட்கும் கேள்விகள் அனைத்துக்கும் பதில்களை ஒரு கோப்பில் எழுதிவைத்தாய். ஒரு விசையைத் தட்டினால் போதும், நிரல் அந்தப் பதில்களைத் தானே படித்து, உரப்பட்டியலை உண்டாக்கி, முன்பு சரிபார்த்து வைத்த பட்டியலோடு வரிக்கு வரி ஒப்பிடும். எல்லாம் ஒத்திருந்தால் திரை நடுவில் 'பாகுஸ்', நன்று, என்று வரும். பாராட்டு மலாயில் வந்தால்தான் அரசாங்க அங்கீகாரம் மாதிரி இருக்கும் என்பது உன் விளக்கம்.

பழைய பதிப்புகளையும் நீ தூக்கிப்போடவில்லை. ஆற்றுக்கு அக்கரை எஸ்டேட்டில் இரண்டு பதிப்பு பின்தங்கியிருந்தார்கள், அவர்கள் டிஸ்க் கெட்டுப்போனால் உன்னிடம்தான் ஓடி வருவார்கள். பதினொரு டிஸ்க்குகளை ஒரு பிஸ்கட் டின்னில் வரிசையாக அடுக்கி, மேல்முனைச் சீட்டில் அழகான கையெழுத்தில் பதிப்பு எண் எழுதியிருந்தாய். எதை எடுத்தாலும் அந்த எண்ணை வாய்விட்டுப் படிப்பாய், ரயில் நிலையத்தில் ஊர்ப்பெயர் அறிவிப்பது போல. நான் கேலி செய்தபோது சொன்னாய்: "முதல்ல நீ யாருன்னு கேக்கணும்டா. மத்த கேள்வியெல்லாம் அப்புறம்."

அந்த ஆண்டு ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் முன்பு 2.2 வந்து, டின்னில் பதினொன்றாவதாகச் சேர்ந்தது. முதிர்ந்த மரங்களுக்கான பகுதியை மட்டும் திருத்தியிருக்கிறோம், நாற்றங்கால் பகுதி பழையபடியே இருக்கும் என்று கடிதம் சொன்னது. நாற்றங்காலுக்கு உரம் போடும் நாளும் நெருங்கியிருந்தது. முதிர்ந்த மரங்களின் முறை பிறகுதான் என்பதால் அப்போது சோதிக்க வேண்டியது நாற்றங்கால் பட்டியலை மட்டும், பழைய விடைகளோடு. அதே சமயம் தலைமை ஆபீசின் கம்ப்யூட்டர் பிரிவில் ஒரு வேலைக்கு உன்னை நேர்காணலுக்கு அழைத்திருந்தார்கள், பூஜைக்கு மறுநாள். அந்த வேலைக்காக நீ ஓராண்டாகக் காத்திருந்தாய். கிடைத்தால்தான் கல்யாணம் என்று பெண் வீட்டில் சொல்லியிருந்தார்கள்.

பூஜையன்று டிஸ்க்குகளுக்கும் பொட்டு வைக்க வேண்டும் என்று சொன்னது நான். சுத்தியலுக்கும் தராசுக்கும் வைக்கும்போது இதற்கு வைக்காமல் விட்டால் கோபித்துக்கொள்ளாதா? நீ வாசலில் கைகட்டி நின்றாய்.

"எங்க வேணா வை. அந்த நீள ஓட்டைல மட்டும் பட்டுச்சு, அப்புறம் உன் சரஸ்வதிகிட்டயே உரம் எவ்வளவுன்னு கேட்டுக்க."

ஓட்டையில் படாமல் மிகக் கவனமாக வைத்தேன். ஓட்டைக்கு வெகுதூரத்தில், மேல்முனைச் சீட்டின் மேல். தாராளமாக.

மறுநாள் விடியற்காலை பஸ்ஸுக்குப் போகும் வழியில் ஆபீசுக்கு வந்தாய். வெள்ளைச் சட்டை, இரவல் டை. சோதனைத் தாளில் 'பரிசோதித்தவர்' என்ற இடத்தில் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு என்னிடம் கொடுத்தாய். "பாகுஸ் வந்தா மட்டும் துரைகிட்ட குடு. வரலன்னா கிழிச்சிப் போடு. நான் வந்து பாத்துக்கறேன்."

நான் டின்னைத் திறந்தேன். பூஜைக்காகப் படத்தின் முன் பரப்பி, பிறகு அள்ளிப் போட்டதில் வரிசை கலைந்திருந்தது. பதினொரு டிஸ்க்கும் பதினொரு பொட்டோடு மங்களகரமாக இருந்தன. எண் மட்டும் எதிலும் தெரியவில்லை. சுரண்டிப் பார்த்திருக்கலாம். வைத்த மறுநாளே பொட்டை அழிப்பது நல்லதில்லை என்று பட்டது. புதியது மேலேதான் இருக்கும் என்று மேலே இருந்ததை எடுத்தேன். நிரல் தொடங்கும்போது பதிப்பு எண் ஒரு கணம் திரையில் வரும். அந்தக் கணத்தில் நான் பூஜைப் பொரியைத் தின்றுகொண்டிருந்தேன்.

பாகுஸ் வந்தது. வராமல் எப்படி இருக்கும்? நான் போட்டது பழைய 2.1. பழைய விடைகளைப் பழைய நிரலிடம் கேட்டால் அது பிசகாமல் சொல்லும். என் வாழ்நாளில் அவ்வளவு முழுமையான தேர்ச்சியைப் பிறகு பார்த்ததில்லை.

உன் கையெழுத்திட்ட தாளைக் கொடுத்தேன். மேனேஜர் உறையைப் பிரித்தார். உண்மையான 2.2 வேலைக் கணினியில் ஏறியது. அதில் நாற்றங்கால் பட்டியல் ஒரு வரி நழுவியிருந்தது. ஒவ்வொரு பாத்திக்கும் அதற்கு அடுத்த பாத்தியின் உர அளவு அச்சாகியிருந்தது. கடைசிக்கு முந்தின பாத்தியில் மூன்று மாதக் கன்றுகள். அவற்றுக்கு அடுத்ததாக இருந்தவை நடுவதற்குத் தயாராக நின்ற பெரிய கன்றுகள்.

நாற்றங்கால் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் மாரியாயி அக்கா தாளைப் பிடித்துக்கொண்டு ஆபீசுக்கே வந்தது. சின்னக் கன்றுக்கு ஒரு மூடி உரம், பெரிய கன்றுக்கு நாலு மூடி என்பது அதன் கைக்குத் தெரியும்.

"தம்பி, இது பால்குடி மறக்காத கண்ணுங்க. நாலு மூடி போட்டிருக்கு. கருகிரும் லா."

"அக்கா, கம்ப்யூட்டர் கணக்குப் பண்ணிச் சொல்லியிருக்கு."

"கம்ப்யூட்டரு எத்தன கண்ணு வளத்திருக்கு?"

"அது தப்பே பண்ணாது. நேத்துதான் டெஸ்ட் பண்ணினோம். பாஸ்."

அக்கா என்னை ஒரு நிமிடம் பார்த்தது. "நீங்க படிச்சவங்க சொல்றீங்க" என்று போய்விட்டது. அன்று நான் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

பத்து நாளில் அந்தப் பாத்தி முழுவதும் இலைநுனி பழுப்பாகி, குருத்து சுருண்டது. மேனேஜர் நாற்றங்காலில் நின்று போட்ட சத்தம் ஆபீஸ் வரை கேட்டது. அப்போதுதான் எனக்குள் ஏதோ தட்டியது. சோதனைக் கணினியில் நான் போட்ட டிஸ்க் இன்னும் அப்படியே இருந்தது. வெளியே இழுத்துப் பொட்டை நகத்தால் சுரண்டினேன். மறுநாளே அழித்தால் மங்களமில்லை என்று தயங்கிய அதே நகம். பத்து நாள் கழித்து மங்களம் நினைவுக்கு வரவில்லை.

2.1.

அதன்பின் நான் செய்ததை எழுதத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். ஒன்றில் மட்டும் பொட்டு இல்லாவிட்டால் சந்தேகம் வரும் என்று மற்றப் பத்தையும் சுரண்டினேன். ஈரத்துணியால் துடைத்தேன். எண் வரிசைப்படி டின்னில் அடுக்கினேன். அரைமணி நேரத்தில் முடித்தேன். அந்தக் கவனத்தில் பாதியை வைத்துச் சோதனையைச் செய்திருந்தால் ஒரு கன்றும் செத்திருக்காது. நகக்கண்ணில் மஞ்சள் இரண்டு நாள் இருந்தது. சாப்பிடும்போது நல்ல வாசனையாக இருந்தது.

நீ என்னைச் சைக்கிள் கொட்டகையில் பிடித்தாய்.

"டேய், நீ போட்டது புது டிஸ்க்தானே?"

"ஆமா லா. பாத்துத்தான் போட்டேன்."

"நம்பரப் படிச்சியா?"

"படிச்சேன்டா. வாய்விட்டே படிச்சேன்."

வாய்விட்டே என்று நானாகச் சேர்த்துக்கொண்டேன். பொய்க்கும் ஒரு கைவேலை வேண்டாமா? நீ சைக்கிளை வெளியே இழுத்தாய். பிறகு கேட்டாய்: "டிஸ்க்கையெல்லாம் ஏன் தொடச்ச?"

"ஈரம் பட்டா கெட்டுப்போகும்னு நீதானே சொல்வ."

"ஆமா. நான்தான் சொல்வேன்" என்றாய். அவ்வளவுதான்.

விசாரணையில் மேனேஜர் மாரியாயி அக்காவைக் கேட்டார். "காயிதத்துல இருந்துச்சு தொர, போட்டேன்" என்றது, என்னைப் பார்த்துக்கொண்டு. உன்னைக் கேட்டார். சோதனை என்னுடையது, கையெழுத்து என்னுடையது என்றாய். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று பல ஆண்டுகள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சைக்கிள் கொட்டகையில் ஒருவன் கேட்டானே என்பதை வசதியாக விட்டுவிட்டு.

தலைமை ஆபீஸ் வேலை உனக்குக் கிடைக்கவில்லை. நம் எஸ்டேட்டிலிருந்து கணினி தெரிந்த வேறு யாராவது உண்டா என்று கேட்டார்கள். உண்டு என்று மேனேஜர் என் பெயரைக் கொடுத்தார். நான் கோலாலம்பூருக்குப் போனேன். என் வாழ்க்கை முழுவதும், வீடு, பிள்ளைகளின் படிப்பு, இந்த வயதிலும் தொடரும் ஒப்பந்தம் வரை, அந்த ஒரு 'பாகுஸ்' மேல் நிற்கிறது.

நான் புறப்பட்ட அன்று டின்னையும் நோட்டுப் புத்தகத்தையும் என்னிடமே கொடுத்தாய். "அங்க உதவும். எடுத்துக்க." பஸ் ரவாங்கைத் தாண்டியபின் நோட்டைத் திறந்தேன். கடைசிப் பக்கத்தில் சோதனையின் கட்டளைகளைப் புதிதாக எழுதியிருந்தாய். முதல் வரி முன்பு இல்லாதது. டிஸ்க்கின் உள்ளேயே பதிப்புப் பெயரைப் பதிந்துவைத்து, தொடங்கும் முன் அதைக் கேட்டுச் சரிபார்க்கும் வரி. ஓரத்தில் பென்சிலால் ஒரு குறிப்பு: 'பேரை உள்ளே எழுதவும். சந்தனம் எட்டாத இடத்தில்.'

உனக்குத் தெரிந்திருந்தது. கொட்டகையிலேயே தெரிந்திருக்கும். விசாரணையில் சந்தனம் என்ற அந்த ஒரு சொல்லைச் சொல்லியிருந்தால் போதும். நீ அதைச் சொல்லாமல், அது மறுபடி நடக்காமலிருக்க ஒரு வரி எழுதி, நடத்தியவனிடமே கொடுத்து அனுப்பினாய். நான் அடுத்த பஸ் ஏறித் திரும்பவில்லை. தலைமை ஆபீசில் முதல் வாரமே அந்த வரியைப் போட்டுக் காட்டினேன். நன்றாக யோசித்திருக்கிறீர்கள் என்றார்கள். பென்சில் குறிப்பை மட்டும் அதற்கு முன்பே அழித்திருந்தேன். அழிப்பதில் எனக்குப் பழக்கம் ஏற்பட்டிருந்தது.

நீ செரண்டாவில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தாய். தரம் பார்க்கிற வேலை என்று கேள்விப்பட்டேன். கல்யாணம் நான்காண்டு தள்ளி நடந்தது, அதே பெண்ணோடு. பத்திரிகை வந்தது. வேலை அதிகம் என்று வாழ்த்து அட்டை அனுப்பினேன். பிறகு இரண்டு மூன்று முறை கண்டிருப்போம், யாரோ ஒருவருடைய சாவு வீட்டில் அல்லது கல்யாண மண்டபத்தில். "எப்படிடா, மெஷின் எல்லாம் சொன்னபடி கேக்குதா?" என்பாய். கேட்கிறது என்பேன். இருவரும் சாப்பிடப் போவோம்.

போன ஆண்டு உன் அடக்கத்துக்கு வந்தேன். உன் மனைவி என்னை அடையாளம் கண்டு, அழுகைக்கு நடுவே பக்கத்திலிருந்தவர்களிடம் சொன்னார்: "இவரப் பத்தி எப்பவும் பேசுவாரு. எங்க எஸ்டேட்ல அவன்தான் முன்னுக்கு வந்தான்னு. பேப்பர்ல கம்ப்யூட்டர் நியூஸ் வந்தா வெட்டி வைப்பாரு, உங்கள பாத்தா குடுக்கணும்னு." கத்தை ஒன்றை எடுத்து வந்து என் கையில் வைத்தார். நன்றி என்று வாங்கிக்கொண்டேன். அந்த இடத்திலும் எனக்கு வந்த சொல் அதுதான்.

இன்று மாலை கையேட்டைத் திறந்து அந்த விதிக்கு மேலிருந்த என் பெயரை எடுத்துவிட்டு உன் பெயரைப் போட்டேன். தர்ஷினி பார்த்துவிட்டாள்.

"இது யாரு அங்கிள்?"

ஒரு பழைய கூட்டாளி என்று சொல்லி முடித்திருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தும்விட்டது. ஆனால் முழுவதையும் சொன்னேன். பொரியையும், நகத்தையும், பென்சில் குறிப்பையும். என்னை ஆறுதல்படுத்துவாள் என்று ஓரளவு எதிர்பார்த்தேன் என்பதையும் உன்னிடம் மறைக்க வேண்டியதில்லை. அவள் கையேட்டில் உன் பெயரை மறுபடி படித்தாள். பிறகு கேட்டாள்:

"அந்த ஆன்ட்டிகிட்ட சொல்லிட்டீங்களா?"

"இல்ல."

"அப்புறம் என்னா அங்கிள், டாக்குமென்ட்ல பேரு மாத்துறீங்க?"

அவளுக்கு உன்னைப் பிடித்திருக்கும் என்று நினைக்கிறேன். உனக்கும் அவளை.

நாளை மறுநாள் சனிக்கிழமை. செரண்டாவுக்கு ரயிலில் போவதாக இருக்கிறேன். பையில் அந்த 2.1 டிஸ்க் இருக்கும். மேலே சீட்டில் மங்கலான மஞ்சள் கறை இன்னும் போகவில்லை. உள்ளே நீ பதிந்த பெயர் இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்க இப்போது என்னிடம் இயந்திரம் எதுவும் இல்லை. எண்ணெய்ப் பனங்கன்றுகளையும் கொட்டகையையும் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்துவிட்டேன், அது வந்துவிடும். பதில் வராத கேள்வி ஒன்றுதான்.

உன் வீட்டுக் கதவு எப்போதும் சாத்தியிருக்கும். மணியை அழுத்தினால் உன் மனைவி உள்ளேயிருந்து முதலில் "யாரு?" என்றுதான் கேட்பார்.